நீரோடு சுழலும் சாணை

கண்டியிலிருந்து தென்னக்கும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்து தெல்தெனிய வீதியில் போனால் பல்லேகல வரும். வெளியூராருக்கு அது கிரிக்கெட் மைதானம் உள்ள ஊர். உள்ளூராருக்குக் கைத்தொழிற்பேட்டையும் பட்டறைகளும் தச்சுக்கூடங்களும் உள்ள ஊர். வடகிழக்கில் நக்கிள்ஸ் சரிவுகளிலும் தெற்கே ஹேவாஹெட்ட மலைகளிலும் தேயிலைத் தோட்டங்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர ஹேவாஹெட்டப் பக்கம்தான் இருக்கிறது. பேராதனைக்கு அப்பால் எம்பெக்க ஆலயத்தில், கம்பளை அரசு காலத்துச் சிற்பிகள் மரத்தூண்களில் செதுக்கிய அன்னங்களையும் மல்லர்களையும் இன்றும் பார்க்கலாம்.

தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி, சிற்பியின் உளி, வீட்டுச் சமையற்கத்தி மூன்றும் வெவ்வேறு கைகளில் இருப்பவை. ஆனால் மூன்றும் மழுங்கும். மூன்றையும் தீட்டியாக வேண்டும். தீட்டும் வேளையில்தான் பெரும்பாலான கத்திகள் கெடுகின்றன. வேகமாகச் சுழலும் உலர்ந்த சாணையில் தீப்பொறி பறக்கத் தீட்டிய கத்தி அன்றைக்கு நன்றாக வெட்டும். சில நாளில் முன்னைவிட விரைவாக மழுங்கிவிடும். "பதம் போய்விட்டது" என்பார்கள். அந்தப் பதம் என்பது என்ன, அது எப்படிப் போகிறது, ஒரு தொட்டித் தண்ணீர் அதை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதே இந்த அத்தியாயம்.

கூர் எவ்வளவு மெல்லியது?

கத்தியின் இரண்டு பக்கங்களும் சரிந்து வந்து சந்திக்கும் கோடுதான் கூர். எந்தக் கத்தியிலும் அந்தக் கோட்டுக்கு ஓர் அகலம் உண்டு. நன்றாகத் தீட்டிய கத்தியில் அது ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. மழுங்கிய கத்தியில் அது பத்து, இருபது மைக்ரோமீற்றராகிவிடும்.

இந்த வேறுபாட்டின் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துச் சென்ரிமீற்றர் நீளமுள்ள கூரின் மேல் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையை, அதாவது ஏறக்குறைய 10 நியூட்டனைக் கொடுப்போம். கூரின் அகலம் ஒரு மைக்ரோமீற்றர் என்றால் அதன் அடியில் உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 1000 மடங்கு. அகலம் பத்து மைக்ரோமீற்றரானால் அழுத்தம் 100 மடங்காகச் சரிகிறது. பழைய அழுத்தத்தைப் பெறக் கை பத்து மடங்கு அழுத்த வேண்டும். மழுங்கிய கத்திதான் அதிகம் கையை வெட்டுகிறது என்பதன் காரணம் இதுவே: அழுத்தும் விசை கூடும்போது கத்தி வழுக்கினால் அதை நிறுத்த முடியாது.

கூரைச் சோதிக்க ஒரு விளக்குப் போதும். கத்தியின் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீற்றர் வரை. கூர் அந்த அளவுக்கு மெல்லியதாக இருந்தால் ஒளியைத் திருப்பியனுப்பப் போதிய பரப்பு அங்கே இல்லை. விளிம்பு இருட்டாகவே இருக்கும். எங்காவது வெள்ளிக்கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது.

தன்னைவிட மிக மென்மையான பொருளை வெட்டினாலும் எஃகு மழுங்கும். தலைமயிரைவிடச் சவர அலகு சுமார் 50 மடங்கு கடினமானது. இருந்தும் சில சவரங்களிலேயே அலகு கெடுகிறது. ஏன் என்று அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் பார்த்தனர். எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், மயிர் குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து அழுத்தும்போது, விளிம்பு சிறு சிறு சில்லாகப் பெயர்கிறது. மயிருக்கே இப்படி என்றால் தேயிலைத் தண்டுக்கு எப்படியிருக்கும்!

கவ்வாத்து, மலையகத் தோட்டங்களில் மிகக் கவனமான வெட்டு வேலை. நிலத்தின் உயரத்தைப் பொறுத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டி, புதுத் தளிர் விட வைப்பார்கள். வெட்டு வழவழப்பாகச் சரிந்து விழுந்தால் காயம் விரைவில் மூடும். கத்தி மழுங்கியிருந்தால் தண்டு பிளக்கும், பட்டை கிழியும். அந்தப் பிளவில் நீர் தங்கி, பூஞ்சணம் ஏறி, மரம் உள்ளே உக்கத் தொடங்கும். ஆகவே அங்கே ஒரு கத்தியின் கூர், அடுத்த கவ்வாத்து வரை அந்தச் செடியின் நலத்தையும் தீர்மானிக்கிறது.

எஃகின் பதம்

இலங்கைத் தீவில் எஃகின் கதை பழையது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றை எதிர்நோக்கிய மலைச்சரிவுகளில் கட்டிய பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். துருத்தி இல்லாமல் காற்றின் வலுவாலேயே அவை எரிந்தன. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான அந்த உலைகளைப்போல் மாதிரி கட்டி, இரும்பை உருக்கியும் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது.

அதற்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே, இந்த மண்ணின் கனியங்களை ஆராய வந்த ஆனந்த குமாரசுவாமி, இரும்பும் எஃகும் செய்யத் தெரிந்த கடைசி முதியவர்களின் முறையை எழுதி வைத்தார். கண்டிக் கைவினைகளைப் பற்றி 1908இல் வெளிவந்த அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் கொல்லர் வேலையும் இடம்பெறுகிறது. பல்லேகலவுக்குப் பக்கத்துக் குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னனின் காலத்துக் கண்டி அரசில், வெள்ளியும் பித்தளையும் பதித்த 'பிஹா கெத்த' கத்திகள் அரச பட்டறைகளின் பெருமையாக இருந்தன. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் கொடுமணலிலும் பழங்காலத்தில் எஃகு வேலை நடந்திருக்கிறது. இந்திய உருக்கில் கத்தி செய்து பார்த்த லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து 1820இல் எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்.

இத்தனை பேரும் தேடியது ஒன்றைத்தான்: கடினமும் வேண்டும், உடையவும் கூடாது.

எஃகை 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அதிலுள்ள காபன் அணுக்கள் இரும்பின் அணுக்கட்டுக்குள் கரைகின்றன. அந்தச் சூட்டில் நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், வெளியேற நேரமில்லாமல் காபன் உள்ளே சிக்கிக்கொள்ளும். இரும்பின் கட்டமைப்பு இழுபட்டு மார்ட்டென்சைட் என்ற மிகக் கடின வடிவத்துக்கு வரும். கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் போடுவது என்பார்கள். தோய்ச்சல் மட்டும் போட்ட எஃகு கண்ணாடியைப்போல் உடையும். அதனால் 150 முதல் 250 பாகை வரை மறுபடி மெல்லச் சூடேற்றி, காபனில் ஒரு பகுதியைச் சிறு துகள்களாக விடுவிக்கிறார்கள். கடினம் சற்றுக் குறைகிறது, உறுதி வருகிறது. பதம் என்பது இந்தச் சமநிலை.

தீட்டும்போது விளிம்பு இந்த எல்லையைத் தாண்டிச் சூடானால், பதம் போட்டபோது கிடைத்த கடினம் அங்கே கரைந்துவிடும். அது எங்கே எந்த அளவுக்குப் போனது என்பதை எஃகே நிறத்தால் சொல்கிறது. சாதாரணக் காபன் எஃகில், சுமார் 220 பாகையில் வைக்கோல் மஞ்சள்; 255இல் பழுப்பு; 280இல் ஊதா; 300இல் நீலம். மேற்பரப்பில் படியும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறக்கும் நிறங்கள் இவை. சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும், நிறமும் மாறும். நீலம் ஏறிய விளிம்பு மென்மையாகிவிட்டது. அதன் பிறகு எவ்வளவு கூராகத் தீட்டினாலும் மடங்கும். நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்து அகற்றினால்தான் பழைய எஃகு திரும்பக் கிடைக்கும்.

நிறம் தெரியவில்லை என்றும் நிம்மதியடைய முடியாது. நிறம் ஏறிய மேற்பரப்பைச் சாணையே அடுத்த கணத்தில் தேய்த்துவிடுகிறது. கூரின் நுனி தன் பதத்தை இழந்திருக்க, கத்தி வெள்ளை வெளேரென்று பளபளக்கும்.

வேகத்தின் விலை

பட்டறையில் சாதாரணமாக இருக்கும் மின்சாணையின் கல் 150 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. அது நிமிடத்துக்கு சுமார் 2850 முறை சுழலும். கல்லின் விளிம்பு விநாடிக்கு 22 மீற்றருக்கு மேல் பாய்கிறது. நீரில் ஓடும் மெதுவான சாணையை எடுத்துக்கொள்வோம். சுவீடனில் 1973இல் டோர்ன்யி யான்சன் தொடங்கிய டோர்மெக் நிறுவனத்தின் பெரிய இயந்திரத்தில் கல் 250 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 90 சுற்று மட்டுமே. அதன் விளிம்பின் வேகம் விநாடிக்கு 1.2 மீற்றருக்கும் சற்றுக் குறைவு. பெரிய கல், ஆனால் சுமார் 19 மடங்கு மெதுவானது.

உராய்வில் பிறக்கும் வெப்பம் விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. இரண்டிலும் 20 நியூட்டன் உராய்வு விசை என்று வைத்தால், உலர்ந்த சாணையில் பிறப்பது சுமார் 450 வாட். நீர்ச்சாணையில் 24 வாட். அந்த 450 வாட்டில் கால்வாசிதான் கத்திக்குள் போகிறது என்றே கொள்வோம். விளிம்பில் உள்ள ஒரு கிராம் எஃகு அதை வாங்கிக்கொண்டால் ஒரு விநாடியில் 200 பாகைக்கு மேல் சூடேறும். அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் பொரிவதுபோல், மெல்லிய விளிம்புக்குச் சூட்டைத் தாங்கி நிற்கும் பருமன் இல்லை. தடித்த முதுகுப் பக்கம் கையில் குளிர்ச்சியாகவே இருக்கும்; அங்கே தொட்டுப் பார்த்து விளிம்பின் நிலையை அறிய முடியாது.

உலர்ந்த சாணையிலிருந்து பறக்கும் பொறிகள் காற்றில் எரியும் எஃகுத் துகள்கள். தேய்க்கும் இடத்தில் எவ்வளவு சூடு என்பதற்கு அவையே சாட்சி. நீர்ச்சாணையில் பொறி கிளம்பாது.

தண்ணீர் செய்யும் மூன்று வேலைகள்

முதல் வேலை, சூட்டை எடுத்துப்போவது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற 4.2 ஜூல் வேண்டும். எஃகுக்கு அரை ஜூலுக்கும் சற்றுக் குறைவே போதும். நீர் ஆவியாக வேண்டுமென்றால் கிராமுக்கு சுமார் 2260 ஜூல் விழுங்கும். விளிம்பில் நீர் இருக்கும்வரை அங்கே சூடு நீரின் கொதிநிலைக்கு மேலே ஏற இடம் இல்லை. கடல்மட்டத்துக்குச் சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டிப் பகுதியில் அந்தக் கொதிநிலை 98 பாகையை ஒட்டியது. பதம் இளகத் தொடங்கும் எல்லைக்கு அது வெகு கீழே. மெதுவான கல்லில் நீர் அந்தக் கொதிநிலைக்கே போவதில்லை. கையில் பட்டால் இளஞ்சூடாகக்கூடத் தெரியாது.

இரண்டாவது வேலை, கழுவுவது. தேய்ந்த எஃகுத் தூளும் உடைந்த கல்துகளும் கல்லின் இடுக்குகளில் அடைத்துக்கொண்டால் கல் வெட்டாமல் வழுக்கும், சூடும் கூடும். நீர் அவற்றை வழித்தெடுத்துத் தொட்டியில் சேர்க்கிறது. தொட்டியின் அடியில் படியும் கருஞ்சேறு அதுதான். அதில் ஒரு காந்தத்தைப் போட்டு வைத்தால் எஃகுத் தூள் ஒரே இடத்தில் சேரும்.

மூன்றாவது வேலை மனிதனின் நுரையீரலைக் காப்பது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரம் உலகுக்கெல்லாம் கத்தி செய்து கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அங்கே மருத்துவராக இருந்த ஆர்னல்ட் நைட் சாணைத் தொழிலாளரின் நோயைப் பதிவு செய்தார். உலர்ந்த மணற்கல்லில் முட்கரண்டி தீட்டியவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தார்கள். ஈரமும் உலர்வும் கலந்து சவரக்கத்தி தீட்டியவர்கள் 40 முதல் 45 வயதில் போனார்கள். ஈரக் கல்லில் உணவு மேசைக் கத்தி தீட்டியவர்கள் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட வயது வரை வாழ்ந்தார்கள். மணற்கல்லின் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து அதை இறுக்கியது. நீர் அந்தத் தூசியை எழும்பவிடாமல் அடக்கியது. இன்றைய செயற்கைக் கற்களில் அந்த மணற்கல் இல்லை. ஆனாலும் உலோகத் தூளையும் கல்தூளையும் மூச்சில் இழுப்பது இன்றும் கெடுதலே.

கல்லுக்குள் இருக்கும் நீலமணி

நீர்ச்சாணைக் கல்லின் வெட்டும் மணிகள் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டு. இயற்கையில் கிடைக்கும் அதே பொருளுக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். இரத்தினபுரியில் தோண்டியெடுக்கும் நீலமாணிக்கமும் மாணிக்கமும் அதே குருந்தம்தான். சிறிதளவு இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம், குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. மோஸ் கடின அளவில் அது 9, வைரம் 10. கருங்கல்லிலுள்ள படிகக்கல் 7. தோய்ச்சல் போட்ட எஃகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. அதனால்தான் அம்மிக்கல்லிலோ வாசற்படியிலோ கத்தியைத் தேய்த்தால் ஏதோ கூர் வருகிறது. ஆனால் கல்லும் எஃகும் ஏறக்குறைய சமபலம் என்பதாலும், கல்லின் மணிகள் ஒழுங்கில்லாமல் இருப்பதாலும் அந்தக் கூர் நிற்பதில்லை.

குருந்தத் தூளை அரக்கில் குழைத்து வட்டமாகச் செய்த சாணையில் மணிகளைப் பட்டை தீட்டியது இந்திய உபகண்டத்தின் பழைய தொழில். கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் வட்டச் சாணைக்கல் ஐரோப்பாவில் 9ஆம் நூற்றாண்டின் ஊட்ரெக்ட் விவிலியச் சங்கீத நூல் ஓவியத்தில் வாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைய நீர்ச்சாணைக் கல்லுக்கு இன்னொரு வசதி உண்டு. அதன் பரப்பை மாற்றும் இரண்டு பக்கத் தரக்கல்லின் சொரசொரப்பான பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் சாணைக்கல் 220 எண் பருக்கைபோல் வேகமாக வெட்டும். அதே தரக்கல்லின் வழவழப்பான பக்கத்தால் தேய்த்தால் 1000 எண் பருக்கைபோல் நயமாக மெழுகும். ஒரே கல்லில் இரண்டு வேலையும் முடியும். மேடுபள்ளம் விழுந்தால் வைர முனையால் கல்லைச் சமன் செய்ய வேண்டும்.

தீட்டும் முறை

முதலில் கோணத்தைத் தீர்மானிக்க வேண்டும். சமையற்கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகை. தடித்த தண்டை வெட்டும் கத்திக்கு 20 முதல் 25. மென்மரத்துக்கான உளிக்கு ஒருபக்கச் சரிவில் 25. வைரம் பாய்ந்த மரத்துக்கு 30. கோணம் குறையக் குறைய எளிதாக வெட்டும், எளிதாகப் பெயரவும் செய்யும். இயந்திரத்தின் தாங்குசட்டமும் பிடியும் கோணத்தை மாறாமல் நிறுத்துவதே நீர்ச்சாணையின் பெரிய பயன். பழைய கோணத்தை அறிய, விளிம்புச் சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, கல்லைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். மை முழுச் சரிவிலும் சமமாக அழிந்தால் கோணம் சரி. முதுகுப் பக்கம் மட்டும் அழிந்தால் கோணத்தைக் கூட்டவும் கூரின் ஓரம் மட்டும் அழிந்தால் குறைக்கவும் வேண்டும்.

அடுத்தது பிசிர். ஒரு பக்கம் தீட்டும்போது விளிம்பின் கடைசி இழை மறுபக்கம் மடிந்து, விரல் நுனியை விளிம்பிலிருந்து வெளியே இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும். அது வந்துவிட்டால் கூர் முடியும் இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். விளிம்பு முழுதும் பிசிர் வந்த பின்னர்தான் மறுபக்கத்துக்குத் திருப்ப வேண்டும். கடைசியில் தோல் சக்கரத்தில் மெழுகுப் பசை பூசி, விளிம்பு பின்னால் வரும் திசையில் மட்டும் தேய்த்துப் பிசிரை அகற்றுகிறார்கள். சக்கரத்துக்கு எதிரே விளிம்பைக் கொடுத்தால் தோல் கிழிந்துபோகும்.

வட்டக் கல்லில் தீட்டியதால் சரிவு சற்றுக் குழிந்திருக்கும். நாலு மில்லிமீற்றர் தடிப்பான உளியில், 25 பாகைச் சரிவில், அந்தக் குழி 0.09 மில்லிமீற்றர்தான். சிற்பிகளுக்கு அது உதவியே: பிறகு தட்டைக் கல்லில் தொடும்போது நுனியும் குதிகாலும் மட்டுமே தேயும், வேலை சீக்கிரம் முடியும்.

பராமரிப்பு எளிது. வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றி நீரைக் கொட்டிவிட வேண்டும். கல்லின் ஒரு பாகம் நீரில் கிடந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தில் ஊறி, மறுநாள் கல் சமநிலை தவறிச் சுழலும். தீட்டிய கத்தியை உடனே துடைத்துவிட வேண்டும். காபன் எஃகு மலையகத்தின் ஈரக் காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கும். நீரும் 230 வோல்ட் மின்சாரமும் ஒரே மேசையில் இருப்பதால் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே இயக்க வேண்டும்.

யாருக்கு இது?

நல்ல நீர்ச்சாணை இயந்திரம் விலை கூடியது. எல்லா வீட்டுக்கும் அது தேவையில்லை. இரண்டு பக்கக் குருந்தக் கல்லும் ஒரு குவளைத் தண்ணீரும் இதே அறிவியலைச் சமையலறையில் நடத்திக் காட்டும். ஆனால் நாள்தோறும் பல கத்திகளைத் தீட்டும் தோட்டப் பட்டறைக்கும் தச்சுக்கூடத்துக்கும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் அது வேண்டும். வேகச்சாணையை இளைஞர் கையில் கொடுப்பதற்கு முன் இரண்டு பாடங்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்: நீலம் ஏறிய விளிம்பைக் கண்டுபிடிப்பது, மழுங்கிய கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடிக்கும் கைக்கும் செய்யும் கேட்டை உணர்வது. உலர்ந்த சாணை மட்டுமே இருக்கிற பட்டறைகள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சாணைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு தொடுதலுக்கும் பின் கத்தியை அதில் தோய்த்தெடுங்கள், முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எஃகின் பதத்தையும் நுரையீரலையும் காக்க அதைவிட மலிவான வழி இல்லை.